வாங்க சார், வந்து சுட்டுட்டுப் போங்க: திருத்தணிப் பக்கத்துக் காட்டுப்பன்றி வழக்கு

திருத்தணிப் பக்கம் கொல்லை வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், மழையைப் பற்றிப் பேசி முடித்த கையோடு பன்றிக்கு வந்துவிடுவார்கள். வேர்க்கடலை போட்டவருக்கும் அதே குறை, கரும்பு நட்டவருக்கும் அதே குறை. கேட்பவர் பட்டணத்துக்காரர் என்று தெரிந்தால், பாதி விளையாட்டும் பாதி வயிற்றெரிச்சலுமாக ஓர் அழைப்பும் வரும்: "துப்பாக்கி இருந்தா எடுத்துக்கிட்டு வாங்க சார், எங்க கொல்லையிலயே சுடலாம். கறியையும் நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க."

இந்த அழைப்பை ஒருவர் மெய்யாகவே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதிலிருந்து தொடங்கலாம். சென்னையிலிருந்து திருத்தணி சுமார் 85 கிலோமீட்டர், ரயிலில் இரண்டு மணி நேரம். வெளியூர் போய்த் தாமே ஏற்பாடு செய்துகொண்டு வேட்டையாடுவது அமெரிக்காவில் பலருக்கு வருடாந்தர வழக்கம். எந்த இடம், எந்த மாதம், என்ன துப்பாக்கி, கறியைக் கெடாமல் எப்படிக் கொண்டுவருவது என்று அங்கே பட்டியல் போடுவார்கள். அதே பட்டியலைத் திருத்தணிக்குப் போட்டுப் பார்த்தால் முதல் வரியிலேயே சட்டம் வந்து நிற்கிறது. சட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும் திட்டம் தேறவில்லை. ஒரு ராத்திரி வந்து ஒரு பன்றியைச் சுட்டுவிட்டுப் போகிறவரால் விவசாயிக்கு ஒரு பிடி கடலைகூட மிஞ்சாது என்பதுதான் எல்லா ஊர் அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தபின் என் முடிவு.

வேட்டையைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மலைமேல் இருக்கும் முருகன் வேடன் வேடம் போட்டு வந்து வேடர்குலப் பெண் வள்ளியைக் கைப்பிடித்தவர். வள்ளியை எடுத்து வளர்த்த நம்பிராசன் வேடர் தலைவன். வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் கிடைத்த பிள்ளை என்பதால் அவளுக்கு அந்தப் பெயர் வந்தது என்கிறது கந்தபுராணம். அவள் தினைப்புனம் காத்ததாகச் சொல்லப்படும் வள்ளிமலை இப்போது வேலூர் மாவட்டத்தில், திருத்தணிக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மணம் முடித்து இருவரும் வந்து தங்கிய இடம் தணிகை, அதாவது இந்தத் திருத்தணி. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்களும், டிசம்பர் 31 ராத்திரி படித்திருவிழாவில் 365 படிக்கும் பூசை செய்து ஏறுகிறவர்களும் கும்பிடுவது பயிர்க்காவலுக்குப் போன ஒரு பெண்ணின் கதையைத்தான். பரண், கவண், ராத்திரிக் கூச்சல் எல்லாம் அன்றே உண்டு. கிழங்கு தோண்டும் குழிக்குப் பன்றியும் போட்டிக்கு வந்திருக்கும், புராணம் அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இன்றைய கொல்லைக்கு வருவோம். பன்றி இறங்கிய கடலைக்கொல்லையைக் காலையில் பார்த்தால் யாரோ கோணல்மாணலாக ஏர் ஓட்டிவிட்டுப் போனது மாதிரி இருக்கும். விதைத்த மறுநாளே வந்திருந்தால் சால் பிடித்து வரிசையாகவே மூக்கால் கிளறியிருக்கும், ஒரு விதை தப்பாது. காய் பிடித்தபின் வந்திருந்தால் செடி சாய்ந்து வேர் மேலே கிடக்கும், மென்று துப்பிய தோல் சுற்றிலும் சிதறியிருக்கும். ஈர மண்ணில் இரண்டு குளம்பின் பதிவுக்குப் பின்னால், சற்று அகலத்தில், இரண்டு சின்னக் குத்துத் தடம் விழுந்திருந்தால் அது பன்றிதான், மான் இல்லை. கரும்பில் அடியை உடைத்து, சாற்றை உறிஞ்சி, சக்கையை உருண்டையாகத் துப்பியிருக்கும். நெல்லில் தின்பதைவிடப் புரண்டு அழிப்பது அதிகம். பக்கத்துப் பனைமரத்தின் அடியில் இடுப்பளவு உயரத்துக்குச் சேறு அப்பியிருந்தால், புரண்டு எழுந்து முதுகு தேய்த்துவிட்டுப் போன தடம்.

இந்தப் பக்கத்தில் பன்றி பெருகியதற்குக் காரணம் தேடிக் காட்டுக்குள் போக வேண்டியதில்லை. தூர்ந்துபோன ஏரிகளிலும் ஓடைக்கரைகளிலும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பகலில் படுக்க அதைவிட வசதியான இடம் பன்றிக்கு வேண்டாம். திருவாலங்காட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதால் சுற்றுவட்டாரத்தில் கரும்பு உண்டு. ஒரு வருஷப் பயிரான கரும்பு பன்றிக்கு வீடும் சோறும் ஒன்றாகக் கிடைத்த மாதிரி. அடித்துத் தின்னப் புலியோ செந்நாயோ இந்தக் குன்றுகளில் கிடையாது. சினைக்காலம் நாலு மாதத்துக்குள், சுமார் 115 நாள். ஓர் ஈற்றுக்கு நாலிலிருந்து ஆறு குட்டி, தீனி நன்றாக இருந்தால் இன்னும் கூடும். பெட்டைகளும் குட்டிகளும் கூட்டமாகத் திரியும். பெரிய ஆண், ஊர்ப்பேச்சில் ஒற்றைப் பன்றி, தனியாக வரும். ஆளைக் குத்தித் தொடையைக் கிழித்துவிடக் கூடியது பெரும்பாலும் இதுதான். சுட ஆசைப்படுகிறவர்கள் குறி வைப்பதும் இதைத்தான். ஆனால் ஓர் ஆண் போனால் இனப்பெருக்கம் குறையப்போவதில்லை.

அடுத்து சட்டம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கம் பலர் நினைப்பதைவிட அகலமானது. கொல்வது, நஞ்சு வைப்பது, பிடிப்பது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, விரட்டி ஓட்டுவது, இரை வைத்து இழுப்பது, இவற்றுக்கான முயற்சி ஒவ்வொன்றும் வேட்டை. ஆகவே துப்பாக்கியைத் தொடாமல் மரவள்ளிக்கிழங்கைப் போட்டுவிட்டுப் பரணில் உட்கார்ந்திருந்தாலே வழக்கு வரும். பன்றி முன்பு மூன்றாம் அட்டவணையில் இருந்தது. 2022இல் திருத்தம் செய்து அட்டவணைகளைச் சுருக்கியபோது இரண்டாம் அட்டவணைக்கு வந்தது. புதிய ஏற்பாடு 2023 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. அனுமதியில்லாமல் வேட்டையாடினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கியும் வண்டியும் பறிமுதலாகும். கறியைப் பற்றி வந்த அழைப்பு இன்னும் மோசம்: அனுமதியோடு கொன்றாலும், உயிரைக் காத்துக்கொள்ளக் கொன்றாலும், செத்த பன்றி அரசின் சொத்து. கையில் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லியாக வேண்டும். ஐஸ்பெட்டியில் போட்டுச் சென்னைக்குக் கொண்டுபோகும் யோசனை அத்தோடு முடிந்தது.

அதே சட்டத்தில் ஒரு கதவும் இருக்கிறது. மனித உயிருக்கோ, நிலத்தில் நிற்கும் பயிர் உட்பட சொத்துக்கோ ஆபத்தாகிவிட்ட விலங்கைக் கொல்ல, தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ காரணத்தை எழுதி உத்தரவிடலாம். இது 11ஆம் பிரிவு. இன்னொரு கதவு 62ஆம் பிரிவு: குறிப்பிட்ட பகுதிக்கும் காலத்துக்கும் ஒரு விலங்கைத் தீங்குயிர் என்று மத்திய அரசு அறிவித்தால், அங்கே அதற்குப் பாதுகாப்பு விலகிவிடும். பீகாருக்கு 2015 இறுதியிலும் உத்தரகாண்டுக்கு 2016இலும் இப்படி அறிவித்தார்கள். பீகாரின் மொகாமாவில் 2016 ஜூனில் இருநூறுக்கு மேற்பட்ட நீலான் மான்களைச் சுட்டுத் தள்ளியபோது, மத்திய அமைச்சர் மேனகா காந்தியும் சுற்றுச்சூழல் அமைச்சர் பிரகாஷ் ஜாவடேகரும் பகிரங்கமாக மோதிக்கொண்டார்கள். ஹைதராபாத்திலிருந்து ஆட்களை வரவழைத்துத்தான் சுட்டார்கள். கேரளம் பன்றிக்கு இதே அறிவிப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டும் மத்திய அரசு இசையவில்லை.

எல்லா வேலையும் சட்டப்படி நடக்கவில்லை என்பது ஊருக்கே தெரிந்ததுதான். பழத்துக்குள்ளோ மாவு உருண்டைக்குள்ளோ வெடிமருந்தை வைத்துப் போடும் அவுட்டுக்காய், பைக் பிரேக் கம்பியில் போடும் சுருக்கு, கொல்லையைச் சுற்றித் தாழ இழுத்து நேராக மின்சாரத்தைக் கொடுத்துவிடும் கம்பி. மூன்றுக்கும் பொதுவான குறை, எது வந்து மாட்டும் என்பது வைத்தவருக்கே தெரியாது. இந்த ஆபத்து நற்றிணையின் 119ஆம் பாட்டிலேயே பதிவாகியிருக்கிறது: தினை தின்ன வரும் பன்றிக்கென்று புனத்துக்காரன் கல்லைத் தூக்கி நிறுத்திய பொறியில் புலி மாட்டிக்கொள்கிறது. 2020 மே மாதம் பாலக்காட்டு வெள்ளியாற்றில் நின்றபடியே செத்த சினை யானை, பன்றிக்கென்று வைத்த வெடியைக் கடித்ததுதான். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிப் பக்கம் மூன்று யானைகள் ஒரு கொல்லையின் மின்கம்பியில் செத்துக் கிடந்தன, இரண்டு குட்டிகள் அனாதையாய் நின்றன. அந்த ஆண்டே தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்த விதிகள் கொண்டுவந்தது. யானை செத்தால் நாடே அழுகிறது. ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போய்ப் பக்கத்துக் கொல்லைக் கம்பியை மிதித்துச் செத்த விவசாயிகளின் செய்தி உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரியோடு முடிந்துபோகிறது.

துப்பாக்கி உரிமம் இருக்கிறதே என்பார்கள் சிலர். பயிர்க்காவலுக்கென்று உரிமம் வாங்கியவர்கள் இன்றும் உண்டு. ஆனால் ஆயுதச் சட்டத்தின் உரிமம் துப்பாக்கியை வைத்துக்கொள்ளத்தான் இடம் தருகிறது, வன விலங்கைச் சுடுவதற்கு அது அனுமதி ஆகாது. தேர்தல் வந்தால் அதையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, முடிந்தபின் போய் வாங்கி வர வேண்டும். பன்றிக்குத் தேர்தல் நடத்தை விதி எதுவும் கிடையாது.

பன்றி வேட்டை ஒரு காலத்தில் துரைமார்களின் விளையாட்டு. குதிரைமேல் ஏறி ஈட்டியால் குத்துவது. மீரட் பக்கத்தில் அதற்காகவே காதிர் கோப்பை என்று போட்டி நடந்தது. பின்னாளில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1883இல் அதை வென்றார், 1889இல் அதைப் பற்றிப் புத்தகமே போட்டார். விளையாட்டுக்குப் பன்றி வேண்டும், ஆகவே பன்றி தீர்ந்துவிடக் கூடாது. இந்தக் கணக்கு இன்றைய அமெரிக்காவிலும் அப்படியே இருக்கிறது.

அங்கே பன்றி மண்ணின் விலங்கு இல்லை. 1539இல் ஸ்பானியர் தே சோதோ புளோரிடாவில் இறக்கிய பன்றிகளும், பின்னால் வேட்டைக்கென்றே கொண்டுவந்து விட்ட ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளும் கலந்து பெருகிய கூட்டம். அதனால் சட்டமும் தலைகீழ். டெக்சாஸில் 2011 முதல் ஹெலிகாப்டரிலிருந்தும் சுடலாம், 2019 செப்டம்பர் முதல் நிலச் சொந்தக்காரர் சம்மதித்தால் வேட்டை உரிமம்கூடத் தேவையில்லை. இவ்வளவுக்குப் பிறகும் டெக்சாஸில் பன்றி ஒழியவில்லை. டென்னசி மாநிலம் 1999இல் மாநிலம் முழுவதும், எத்தனை வேண்டுமானாலும், என்று வேட்டையைத் திறந்துவிட்டுப் பார்த்தது. பன்றி குறைவதற்குப் பதிலாக இல்லாத மாவட்டங்களிலும் முளைத்தது. வேட்டை ருசி கண்டவர்கள் பன்றியைப் பிடித்துக்கொண்டுபோய்த் தங்கள் பக்கத்துக் காட்டிலும் விட்டிருந்தார்கள். 2011இல் அந்த மாநிலம் பன்றியை வேட்டை விலங்குப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. மிசௌரி 2016இல் தன் இயற்கைவளப் பாதுகாப்புத் துறை நிலங்களில் பன்றி வேட்டையைத் தடை செய்தது. காரணம் கருணை அல்ல. ஒரு குண்டு வெடித்தால் கூட்டம் சிதறி நாலு திசையில் பரவுகிறது, அடைப்பு வைத்துக் கூட்டத்தை முழுசாகப் பிடிக்கும் வேலை பாழாகிறது என்று அந்தத் துறை கண்டது. நான் படித்தவற்றில் நம் விவசாயிகள் கேட்க வேண்டிய செய்தி இதுதான்: கூட்டத்தை மொத்தமாக எடுத்தால்தான் பலன், ஒன்றிரண்டைச் சுடுவது மிச்சத்தை அடுத்த ஊருக்குத் தள்ளிவிடுகிறது. நம் ஊர் பன்றி மண்ணின் விலங்கு, அதை ஒழிக்கும் பேச்சுக்கு இங்கே இடமில்லை. ஆனால் கொல்லைக்கு வரும் கூட்டம் எப்படி நடந்துகொள்ளும் என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

கேரளம் 2022 மே மாதம் வேறு வழி பிடித்தது. ஊராட்சித் தலைவர்களையும் நகராட்சித் தலைவர்களையும் கௌரவ வனவிலங்குக் காப்பாளர்களாக்கி, உரிமத் துப்பாக்கிக்காரர்களைக் கொண்டு பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை அவர்களிடம் கொடுத்தது. செத்ததைப் புதைக்க வேண்டும், தின்னக் கூடாது. இதன்பின் ஆயிரக்கணக்கான பன்றிகள் சுடப்பட்டன. ஆனால் குறி தவறாமல் சுடத் தெரிந்தவர்கள் எல்லா ஊராட்சிக்கும் கிடைப்பதில்லை, கூலி யார் கொடுப்பது என்ற இழுபறியும் உண்டு. அங்கே பன்றித் தொல்லை இன்னும் தேர்தல் பிரச்சினையாகவே இருக்கிறது. எனக்கு அந்த ஏற்பாட்டில் பிடித்தது ஒன்று: விவசாயி கதவைத் தட்ட வேண்டிய அலுவலகம் அவருடைய ஊரிலேயே இருக்கிறது.

தமிழ்நாடு 2025 ஜனவரியில் முடிவெடுத்தது. அப்போது வனத்துறை அமைச்சராக இருந்த பொன்முடி சட்டமன்றத்தில் அறிவித்தபடி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினரே சுடுவார்கள். தனியார் கையில் துப்பாக்கி இல்லை என்பதில் இது கேரளத்திலிருந்து மாறுபடுகிறது. அது சரியான எச்சரிக்கை என்றே நினைக்கிறேன். ராத்திரி, கரும்புக்கு நடுவில், சத்தம் வந்த திசையைப் பார்த்துச் சுடுவது எவ்வளவு ஆபத்து என்பது யாருக்கும் தெரியும்.

ஆனால் திருத்தணியின் நில அமைப்புக்கு இந்த மூன்று வட்டம் ஒத்துவரவில்லை. நீலகிரி, சத்தியமங்கலம் மாதிரி ஒரு பக்கம் பெருங்காடு, மறுபக்கம் வயல் என்று இங்கே பிரிந்து கிடக்கவில்லை. நகரி மலைத்தொடரின் கிழக்கு ஓரத்தில் குன்று, ஊர், ஏரி, மறுபடியும் குன்று என்று மாறி மாறி வரும். குன்றுகளில் சின்னச் சின்னக் காப்புக்காடுகள். அவை ஒவ்வொன்றையும் சுற்றி 3 கிலோமீட்டர் வட்டம் போட்டால் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், கழனிகளில் பெரும்பகுதி உள்ளேயே விழும். பன்றியோ காப்புக்காட்டில் இல்லாமல் ஏரிக் கருவேலத்தில் படுத்திருக்கும். பிடித்துக் காட்டில் விடுவது என்றாலும், அந்தக் காடு ஒரு ராத்திரியில் திரும்பி நடந்து வந்துவிடும் தூரத்தில்தான் இருக்கிறது.

இதோடு எல்லையும் சேர்ந்துகொள்கிறது. திருத்தணி 1960 ஏப்ரல் முதல் நாள்தான் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ம.பொ.சி.யின் வட எல்லைப் போராட்டம், எல்லைத் தகராறில் படாஸ்கர் தந்த தீர்ப்பு, 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டம் என்று பெரிய கதை அது. அப்படியும் பள்ளிப்பட்டுப் பக்கம் எல்லைக்கோடு வளைந்து வளைந்து போகிறது. ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் பள்ளிப்பட்டில் கொசஸ்தலை பெருக்கெடுக்கிறது. பன்றியும் அதே வழியில் வந்து போகிறது. இங்கே வனத்துறை பெற்ற உத்தரவு கோட்டுக்கு அந்தப் பக்கம் செல்லாது. அங்கே உத்தரவிட வேண்டியவர் வேறு மாநிலத்தின் தலைமைக் காப்பாளர். இரண்டு பக்கத்து வனச்சரகர்களும் ஒரே வாரத்தில் வேலை செய்தால் ஒழிய, இந்தப் பக்கம் விரட்டிய கூட்டம் நகரிப் பக்கத்து மாந்தோப்புக்குப் போகும், அடுத்த வாரம் திரும்பும்.

சுடாமல் தடுக்கும் வழிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் விவசாயிகள் அனேகமாக எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டார்கள். பழைய சேலை கட்டுவது, முடி தூவுவது, முட்டைக் கரைசல் தெளிப்பது, நாய் குரைக்கும் சத்தத்தை ஒலிபெருக்கியில் போடுவது, பிவிசி குழாயில் கார்பைடு போட்டு வெடிப்பது எல்லாம் கொஞ்ச நாளைக்கு ஆகும், பிறகு பன்றிக்குப் பழகிவிடும். ஹைதராபாத்திலிருந்து நடக்கும் முதுகெலும்புள்ள பீடைகளின் மேலாண்மைத் திட்டத்தின் பரிந்துரைகள் சற்று மேல்: கடலைக்கு ஓரத்தில் முள்ளுள்ள குசும்பா, மக்காச்சோளத்துக்கு ஓரத்தில் நாலு வரிசை ஆமணக்கு. முள் பன்றியைத் தடுக்கும், இவற்றின் வாசம் உள்ளே இருக்கும் பயிரின் வாசத்தை மறைக்கும். ஆமணக்கு திருத்தணிக்குப் புதிதில்லை, முன்பு கடலைக்கு ஊடாகவே போட்டு வந்தார்கள். பதிவு செய்த, விட்டு விட்டுத் துடிக்கும் மின்சாரம் ஓடும் சூரியசக்தி வேலி நன்றாகவே வேலை செய்கிறது. தரைக்கு மிக அருகில் ஒரு கம்பி இருக்க வேண்டும், அதில் புல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒற்றை ஏக்கர்க்காரரால் இந்தச் செலவு தாங்காது. பத்துப் பதினைந்து பேர் கொல்லையைச் சேர்த்து ஒரே வேலியாகப் போட்டால் தலைக்குச் செலவு நன்றாகக் குறையும். ஏரிக் கருவேலத்தை வெட்டுவதும் இப்படி ஊர் கூடிச் செய்ய வேண்டியதுதான். அன்னியத் தாவரங்களை அகற்ற 2022இல் அரசு கொள்கையே வெளியிட்டிருக்கிறது, ஊராட்சி கேட்டால் மறுக்கக் காரணம் இல்லை.

கறி ஆசைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. காட்டுப்பன்றி இறைச்சியில் தசைக்குள் புழு இருக்கலாம், சரியாக வேகாவிட்டால் ஆளுக்கும் ஒட்டும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதரைத் தொடாது, ஆனால் 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் அதனால் செத்தன. தோலையும் குடலையும் வண்டியில் எடுத்துப் போகிறவர் வழியில் இருக்கும் பன்றிப்பண்ணைக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடும்.

ஆக, துப்பாக்கியோடு வரச் சொன்னவர் உண்மையில் செய்யக்கூடியது ஒரு மனு. அதையும் தனியாளாகக் கொடுத்தால் பயன் குறைவு. ஒரே கூட்டம் மேய்கிற கொல்லைக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே மனுவில் கையெழுத்திட வேண்டும். புல எண், பயிர், அடங்கல் நகல், தேதி தெரியும் படம், குளம்புத் தடத்தின் படம், பன்றி பகலில் படுக்கும் இடம் இவை வேண்டும். வனச்சரக அலுவலகத்துச் சுவரில் தொங்கும் காப்புக்காட்டு வரைபடத்தைப் பார்த்து, எல்லையிலிருந்து கொல்லைக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதையும் எழுதிவிட வேண்டும். சுடுவதா பிடிப்பதா என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கிறது. நேராகத் தூரத்தை அளப்பதா, பாதை வழியே அளப்பதா என்று கேட்டுத் தெளிந்துகொள்வதும் நல்லது. நகலை ஊராட்சிக்கும், மாதாமாதம் ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கும் கொடுக்கலாம். எல்லையோரத்து ஊரானால் சித்தூர்ப் பக்கத்து வன அலுவலகத்துக்கு ஒரு நகல் தெலுங்கில் போகட்டும், எழுதிக் கொடுக்க இந்தப் பக்கம் ஆளுக்குப் பஞ்சமில்லை. இதையெல்லாம் கடலை விதைக்கும் முன்பே செய்ய வேண்டும். காய் பிடித்தபின் கொடுத்த மனு விசாரணைக்கு வருவதற்குள் அறுவடை முடிந்து, கூட்டம் கரும்புக்கு மாறியிருக்கும்.